காலை இறுக்கம்

ஆகஸ்ட் 7, வியாழன்

டாக்டர் இளம்பரிதி ஓர் அட்டை கொடுத்திருக்கிறார். தலைப்பு 'காலை இறுக்கம்'. எழுந்ததிலிருந்து முதுகு இளகும்வரை எத்தனை நிமிடம் ஆகிறதென்று தினமும் ஒரு கட்டத்தில் குறிக்க வேண்டும். கட்டத்துக்குள் எண்தான் கொள்ளும். மீதியை எழுத இந்த நோட்டு.

இன்று 150. ஐந்தரைக்கு விழித்தேன். பக்கவாட்டில் உருண்டு, கட்டில் சட்டத்தைப் பிடித்து, காலை முதலில் தரைக்கு அனுப்பி, பிறகு உடம்பை. எட்டு மணிக்குத்தான் குனிந்து செருப்பு வாரை மாட்ட முடிந்தது.

நோய்க்குப் பெயர் கிடைத்து இரண்டு வருடமாகிறது. முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி. டாக்டர் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன்: என் உடம்பு முதுகெலும்பைக் காயம் என்று நினைக்கிறது. ஆற்றுவதாக எண்ணிக்கொண்டு எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே எலும்பை வளர்க்கிறது. விட்டால் ஒருநாள் முதுகு முழுவதும் ஒரே கம்பாகிவிடும். குனிந்த நிலையில் கம்பானால் ஆயுளுக்கும் குனிந்தபடிதான்.

மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கியதோடு சரி. இனி ஊசி. விலை நமக்கு எட்டாது. ஓர் அறக்கட்டளை மூன்று மாதத்துக்கு ஆறு ஊசி தருகிறது, பதினைந்து நாளுக்கு ஒன்று. நவம்பர் 17 அன்று பார்ப்பார்கள். முன்னேற்றம் தெரிந்தால் தொடர்ந்து தருவார்கள். இல்லையென்றால் வரிசையில் நிற்கும் அடுத்தவருக்குப் போய்விடும்.

சுவரோடு குதிகாலை ஒட்டி நிற்க வைத்து, பின்தலைக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை நர்ஸ் அளந்தார். நான்கு செண்டிமீட்டர். நிமிர்ந்துதான் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

140.

கல்லூரி நூலகத்தில் அடித்தட்டுப் புத்தகங்களை நான் எடுப்பதில்லை. முழங்காலிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கால் மணி நேரம். மாணவிகளிடம் "நீயே தேடிப் பாரு, அப்பத்தான் பழகும்" என்று சொல்கிறேன். கண்டிப்பானவள் என்று பெயர் வாங்கிவிட்டேன்.

நான் படித்த நாவல்களில் நோயாளிகள் எல்லோருக்கும் நெஞ்சில்தான் நோய். மெலிந்து, கண் பெரிதாகி, சன்னலோரம் படுத்துக்கொண்டு அழகாக இருமுகிறார்கள். செருப்பு மாட்ட முடியாத நாயகியை ஒருவரும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தங்கை பிரதீபாவுக்கு ஒரு வரன் பொருந்தி வருகிறது. மாப்பிள்ளை திருப்பூரில் பனியன் கம்பெனியில் மேலாளர். இருவரும் இரண்டு முறை போனில் பேசிவிட்டார்கள். அவளுக்குப் பிடித்திருக்கிறது என்பது, பிடிக்கவில்லை என்று அவள் மூன்று முறை சொன்னதிலிருந்து தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுப் பெண்கள் நம் வீட்டைப் பார்க்க வருகிறார்கள்.

"நீ மேல படிக்கப்போறேன்னு சொல்லிருக்கறேன் அம்மிணி," என்றாள் அம்மா. "சீக்கு கீக்குன்னு வாயத் தொறந்தராத. உங்கொப்பனப் பத்தியும் பேச்சு வேண்டாம்."

"அப்பாவப் பத்தி என்ன?"

அம்மா மாவுச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஊசிப் பெட்டி வந்துவிட்டது. ஆறு பேனாக்கள், பேனாவுக்குள் ஊசி. ஃபிரிட்ஜில் நடுத்தட்டில் வைக்க வேண்டும். "சில்லுனே இருக்கோணும்மா, வெளிய வெச்சராதீங்க" என்று கொண்டுவந்தவர் அம்மாவிடம் மூன்று முறை சொன்னார். அம்மா நடுத்தட்டில் இருந்த தயிரையும் தக்காளியையும் காலி செய்து, தட்டைத் துடைத்து, பெட்டியை வைத்து, அதற்கு விபூதி வைத்தாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஒரு வேனில் ஏழு பெண்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணை ஐந்து நிமிடமும் வீட்டை அரை மணி நேரமும் பார்க்கிறார்கள். குளியலறைக் குழாயைத் திருகுகிறார்கள். அரிசி டிரம்மின் மூடியைத் தூக்குகிறார்கள். இதற்குத் தலைமை மாப்பிள்ளையின் பெரியம்மா, காங்கேயத்துக்காரர்.

நான் சுவரோர நாற்காலியில் இருந்தேன்.

"பெரிய பொண்ணு என்னுங், நெட்டுக் குத்தலா ஒக்காந்திருக்குது? பரிச்சைக்கு வந்த இஸ்பெட்டராட்ட," என்றார்.

"சுளுக்குங். லைப்ரரில பொஸ்தகம் தூக்கறதுங்க, புடிச்சுக்கிச்சு," என்றாள் அம்மா.

"பொஸ்தகம் தூக்கியுமா சுளுக்கும்? நாங்கெல்லாம் நெல்லு மூட்ட தூக்குனோம். செரி, மூத்தவ இருக்க எளையவளுக்குப் பாக்கறீங்களே?"

"இன்னும் மேல படிக்கோணும்ங்கறாங்."

"இன்னுமா? கண்ணாடியே சோடாபுட்டியாயிருச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு பெரியம்மா என்னைப் பார்த்து, "தங்கச்சியோட நீயும் வந்து கால்ல உழுந்து கும்புட்டுக்க கண்ணு, உனக்கும் சீக்கிரம் அமையட்டும்" என்றார். எழுந்து நின்றேன். தரை வெகு தூரத்தில் இருந்தது. அந்த நேரம் பிரதீபா கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பை நழுவவிட்டாள். ஏழு பேரும் சேலையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்ததில் என்னை மறந்துபோனார்கள். துடைக்கிற சாக்கில் அவள் என்னைக் கடந்துபோகும்போது, "போயி ஒக்காருக்கா" என்றாள், உதடு அசையாமல்.

பெரியம்மா ஃபிரிட்ஜைத் தானே திறந்து ஐஸ் தண்ணீர் எடுத்துக்கொண்டார். தட்டுத் தட்டாகப் பார்த்தார். ஊசிப் பெட்டியை அம்மா காலையிலேயே மஞ்சள் பையில் சுற்றி, மேலே ஐஸ் வைக்கும் பெட்டிக்குள், தேங்காய்த் துருவலுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தாள். அவர் அதைத் திறக்கவில்லை.

ஐந்தரைக்குப் போனார்கள். பெட்டியை நான்தான் எடுத்தேன். மேலே வெள்ளையாகப் படிந்திருந்ததைத் துடைத்து, நடுத்தட்டில் வைத்தேன். அம்மா மகிழ்ச்சியில் ரவை கிண்டிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

150. முதல் ஊசி. தொடையில் குத்தி, பதினைந்து எண்ணும்வரை அழுத்திப் பிடித்தேன்.

பெட்டிக்குள் இருந்த தாளை முழுவதும் படித்தேன், இரண்டு பக்கமும். தாள் நனைந்து காய்ந்தது போல அலையலையாக இருந்தது.

செப்டம்பர் 1, திங்கள்

அட்டையில் 120 எழுதினேன். ஊசி போட்டு ஒரு வாரத்தில் சிலருக்குத் தெரியும் என்கிறார்கள்.

கல்லூரிக்கு இன்றும் தாமதம்.

செப்டம்பர் 8, திங்கள்

இரண்டாவது ஊசி. அட்டையில் 100.

"எப்படியிருக்குது?" என்று அம்மா கேட்டாள். "பரவால்ல" என்றேன். அவள் தலைக்கு மேல் கைகூப்பினாள், சாமி படத்தை நோக்கி அல்ல, ஃபிரிட்ஜை நோக்கி.

செப்டம்பர் 14, ஞாயிறு

உப்புச்சக்கரை மாற்றியாயிற்று. இரண்டு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் கைமாற்றிக்கொண்டால் பேச்சு உறுதி. தை மாதம் கல்யாணம். மண்டபத்தில் மூன்று மணி நேரம் நின்றேன்; உட்கார்ந்தால் எழுவதை எல்லோரும் பார்ப்பார்கள். பிரதீபா பச்சைப் பட்டில் நன்றாக இருந்தாள். மாப்பிள்ளை அவளிடம் ஏதோ சொல்ல, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது ஒன்றுதான் கணக்கில் வருகிறது.

வீடு திரும்பி உடை மாற்ற முடியவில்லை. பட்டோடு படுத்தேன்.

செப்டம்பர் 22, திங்கள்

மூன்றாவது ஊசி. அட்டையில் 70.

அக்டோபர் 6, திங்கள்

நான்காவது. அட்டையில் 60.

காலையில் அம்மா தலைவாரிவிட்டாள். ஒரு மாதமாக என்னால் கையைப் பின்னால் கொண்டுபோக முடியவில்லை. கழுத்தை இடப்பக்கம் திருப்பச் சொன்னாள். திருப்பினேன். "கழுத்தத் திருப்பச் சொன்னா ஒடம்பயே திருப்பறே," என்றாள். சீப்பு நின்றது. "உங்கொப்பனும் இப்பிடித்தான் திரும்புவாரு" என்றாள்.

அப்பாவின் முதுகைப் பற்றி அவளாக எடுத்த முதல் பேச்சு இது. அப்பா மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கியதால் கூன் விழுந்தது என்றுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டது. நிமிர்ந்து வானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் கட்டிலில் மல்லாந்து படுப்பார்; தலைக்கும் தலையணைக்கும் நடுவில் நான் இன்னொரு தலையணையைச் செருகுவேன். மூன்று வருடம் முன்பு, கடையிலிருந்து திரும்பும்போது வாய்க்கால் மேட்டில் சைக்கிளோடு சாய்ந்தார். சின்னப் பிள்ளை விழுந்தால் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து போயிருக்கும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அப்பாவுக்குக் கழுத்து முறிந்துவிட்டது. கம்பாகிப்போன முதுகு வளையாது, ஒடியும்.

"மூட்டை தூக்கினதாலயா அம்மா அவருக்கு அப்படி ஆச்சு?"

"இருவத்தஞ்சு வயசுலயே காலைல எந்திரிக்க மாட்டாரு. அப்ப அவரு மண்டிக்கே போகல," என்றாள்.

இவ்வளவு நாளும் அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஐந்தாவது ஊசி. அட்டையில் 45.

எண்ணெய் தேய்த்துக் குளிக்க மணையில் உட்கார வேண்டும். முடியாது. நின்றுகொண்டே தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டேன். "நட்டுவெச்ச செலைக்கு எண்ணெக் காப்பு," என்றாள் பிரதீபா. சிரித்தபோது விலா வலித்தது. நெஞ்சும் இறுகத் தொடங்கியிருக்கிறது. முழு மூச்சு எடுத்தால் பாதியில் ஏதோ தடுக்கிறது. மூச்சைப் பற்றி அட்டையில் கட்டம் இல்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

அம்மா பாரியூர் கோயிலுக்குப் போய் வந்தாள். கையில் மஞ்சள் காப்பு.

"மார்கழிக் குண்டத்துல எறங்கறேன்னு வேண்டிக்கிட்டேன்."

அம்மாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி இல்லை. போன வருடம் ஆணி குத்தியது தெரியாமல் இரண்டு நாள் நடந்தாள். அந்தக் காலோடு தீயில் நடக்கப் போகிறாள்.

"உனக்குச் சூடு தெரியாதும்மா. வெந்தாலும் தெரியாது."

"தெரியாட்டி நல்லதுதான?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீ அட்டைல என்னமோ எழுதிக்க அம்மிணி. உன்ற தலைய வார்றது நானு. மருந்துக்கு அடங்காத சீக்கு. உங்கொப்பனுக்கு நான் ஒண்ணுமே செய்யல. கடைக்குப் போங்கன்னு தொரத்துனதும் நாந்தான். உனக்காச்சும் செய்யறேன், உடு," என்றாள்.

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. வெங்காயம் உரித்தேன்.

நவம்பர் 1, சனி

ஆகஸ்ட் 24-ஆம் தேதிப் பக்கத்தைத் திரும்பப் படித்தேன். எழுதியது எல்லாம் உண்மை. எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

அன்று மாலை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தபோது ஊசிகள் உறைந்திருந்தன. பேனாவின் சிறு சன்னலில் மருந்து வெள்ளைக் கட்டியாகத் தெரிந்தது. ஆறிலும். தாளை நான் அப்போதே, அடுப்படி விளக்கில், நின்றபடியே படித்தேன். "உறைய விடக் கூடாது. உறைந்தால், உருகிய பிறகும் பயன்படுத்தக் கூடாது." மறுநாள் காலை மருந்து உருகித் தெளிவாக இருந்தது. பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு நான்கு முறை.

தெரிந்தே போட்டுக்கொண்டேன். இதை எழுத இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

அறக்கட்டளைக்குப் போன் செய்தால் விசாரிக்க ஆள் வருவார், ஆஸ்பத்திரி பெயர் எழுதிய வண்டியில். தெருவே பார்க்கும். உப்புச்சக்கரைக்கு மூன்று வாரம் இருந்தது. அப்பாவின் கூனும் என் முதுகும் ஒரே நோய் என்று காங்கேயத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? அந்தச் சொம்பு நழுவியதை நான் பார்த்தவள். இது ஒன்று.

அப்பாவைக் கடைக்கு அனுப்பியதை மூன்று வருடமாகச் சுமக்கிறவளிடம் போய், நீ இதையும் செய்துவிட்டாய் என்று எப்படிச் சொல்வது? இது இரண்டு.

மூன்றாவதும் இருக்கிறது.

நவம்பர் 3, திங்கள்

ஆறாவது ஊசி. பதினைந்து எண்ணும்வரை அழுத்திப் பிடித்தேன், ஏதோ பலன் இருப்பதுபோல.

நவம்பர் 11, செவ்வாய்

170. அட்டையில் 40.

குண்டத்துக்கு விரதம்; அம்மாவுக்கு ஒருவேளைச் சோறு. சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி கிடந்து, மதியம் அடுப்படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். பிரதீபா சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுப்பியிருக்கிறாள். என்னால் குனிந்து தூக்கியிருக்க முடியாது.

"உனக்கு மருந்து கேக்கலைன்னு அம்மா சாகப் பாக்குது. ஏதாச்சும் சொல்லுக்கா," என்றாள் பிரதீபா.

நவம்பர் 16, ஞாயிறு

நாளை கோயம்புத்தூர்.

மூன்றாவது காரணம் இது. நல்ல மருந்து என்னிடம் தோற்றுவிட்டால் அதற்கப்புறம் எனக்கு ஒன்றுமில்லை. கெட்டுப்போன மருந்து தோற்பதில் ஒரு நிழல் இருக்கிறது; அதில் ஒதுங்கிக்கொண்டேன். அம்மாவுக்காக, தங்கைக்காக என்று எழுதியதெல்லாம் பொய்யில்லை. ஆனால் அவ்வளவு நல்லவளும் இல்லை நான்.

நவம்பர் 17, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

சுவர் அளவு ஐந்தரை. டாக்டர் அட்டையைப் பார்த்தார், ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார், மறுபடி அட்டையை.

"உங்க அட்டை ஒண்ணு சொல்லுது, ரத்தம் வேற ஒண்ணு சொல்லுது. ரெண்டுல யார நம்பறது?"

"பொய்யுங் டாக்டர்," என்றாள் அம்மா. "எனக்கு வெசனம் வேண்டாம்னு எழுதிருக்கறா. ஒரு சீப்புப் புடிக்க முடியல அவளால."

அவர் அட்டையை மூடினார். "சில பேருக்கு இந்த மருந்து ஒத்துவராது. யார் தப்பும் இல்ல. நிறுத்திடலாம்னு எழுதறேன்."

"வேற ஊசி இல்லீங்களா?"

"இருக்கும்மா. ஆனா ஒண்ணு தோத்துட்டா அடுத்தத அறக்கட்டளை தர்றதில்ல."

அம்மா தலையை ஆட்டினாள், நியாயவிலைக் கடையில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் ஆட்டுவதைப் போல. அவர் எழுத ஆரம்பித்தார். அம்மாவின் பாதங்கள் மேசைக்கு அடியில் தெரிந்தன. என் பார்வை இப்போதெல்லாம் அங்கேதான் போய் நிற்கிறது.

"சார், மருந்து ஐஸ் ஆயிருச்சு," என்றேன்.

"எது?"

"ஆறும். முதல் ஊசிக்கு முந்தின நாளே."

பேனா நின்றது. "ஃப்ரீசர்ல யார் வெச்சது?"

"நான்தான். தெரியாம."

"அவ இல்லீங்," என்றாள் அம்மா. குரல் வேறு யாருடையதோ போல வந்தது. "நானு. ஒறம்பற வந்திருந்தாங்க, அவங்க கண்ணுல படக்கூடாதுன்னு. சில்லுனு இருக்கோணும்னுதானுங்க சொன்னாங்க? இன்னுஞ் சில்லுனு இருந்தா இன்னும் நல்லதுன்னு நெனச்சுட்டேன்."

டாக்டர் அவளை விட்டு என்னைப் பார்த்தார். "நீங்க படிச்சவங்க. தாளப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"தெரிஞ்சே போட்டுக்கிட்டீங்களா? ஆறு தடவையும்?"

தலையசைக்க என் கழுத்து வராது. "ஆமா" என்றேன்.

அவர் கோபித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். எழுதிய தாளைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். "இதுல மருந்து தோக்கல. சோதனையே நடக்கல. அப்படியே எழுதறேன், மறுபடி குடுக்கறதும் குடுக்காததும் அவங்க முடிவு." பிறகு எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டி, கீழே ஓரிடத்தைக் காட்டினார். இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு. "ஆகஸ்ட்ல இது இல்ல. சேர்ந்தது இனிப் பிரியாது. மிச்சத்தத்தான் காப்பாத்தணும்."

பேருந்தில் அம்மா சன்னலோரம். அவிநாசி வந்ததும், "அப்ப மருந்து தோக்கல" என்றாள்.

"இல்ல."

"பச்சத் தண்ணியத்தான் குத்திக்கிட்டே."

"ம்."

"மருந்துதான் கெட்டுது. உன்ற ஒடம்பு கெடல." இதை மறுபடியும் சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். வலியில் அழுகிறவள் முகம் எனக்குத் தெரியும், இது அதுவல்ல. நடத்துனர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

குன்னத்தூர் தாண்டித்தான் மற்றது வந்தது. "எனக்கு ஏஞ் சொல்லல அம்மிணி?"

"நீ தாங்க மாட்டேன்னு."

"இத மட்டும் தாங்குனனா? உங்கொப்பனாட்டவே நீயும் போறே, எந்த மருந்தும் கேக்காதுன்னு நெனச்சுக்கிட்டு மூணு மாசம் உன்ற தலைய வாரியுட்டனே, அத?"

என்னிடம் இருந்த மூன்று காரணங்களில் ஒன்றுகூட அந்தப் பேருந்தில் நிற்கவில்லை.

நவம்பர் 19, புதன்

அம்மா காலையில் இட்லி சாப்பிட்டாள். குண்டம் என்னாயிற்று என்று கேட்டேன். "ஆத்தாகிட்ட நான் பேசிக்கறேன், உனக்கெதுக்கு," என்றாள். மத்தியானம் ஃபிரிட்ஜைத் திறக்கப் போய், கைப்பிடியைத் தொட்டுவிட்டு, தண்ணீர் குடிக்காமல் திரும்பி வந்தாள்.

டிசம்பர் 3, புதன்

180.

கடிதம் வந்தது. இன்னும் ஒரு தவணை, இதுவே கடைசி. ஊசிகளை வீட்டில் தரமாட்டார்கள். ஒவ்வொரு முறையும் நர்ஸ் வண்டியில் கொண்டுவந்து, முன்னால் நின்று போடவைத்துவிட்டுப் போவார். முதல் ஊசி 8-ஆம் தேதி.

"வண்டில பேரு எழுதிருக்குமா?" என்று கேட்டாள் பிரதீபா.

"எழுதிருக்கும்."

"ஊசிய லைப்ரரில வெச்சுப் போட்டுக்க முடியாதா? தை முடியற வரைக்கும்?"

கேட்கக் கூடாததைக் கேட்கவில்லை அவள். முடியாது என்றேன்.

டிசம்பர் 4, வியாழன்

காங்கேயத்துப் பெரியம்மா பட்டு எடுக்க நாள் குறிக்க வந்தார். காப்பி கொடுத்துவிட்டு அம்மா அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங். பெரியவளுக்குச் சுளுக்கில்லீங். முதுகெலும்புச் சீக்கு."

எல்லாவற்றையும் சொன்னாள். பெரியம்மா டம்ளரைக் கீழே வைக்கவில்லை, குடிக்கவும் இல்லை.

"உங்க ஊட்டுக்காரருக்குக் கூன் இருந்துச்சுன்னாங்க. அதுவும் இதுதானுங்களா?"

"ஆமாங்."

"சின்னவளுக்கு?"

"வரலாம், வராமயும் போலாம்னு டாக்டரு சொல்றாருங். இப்ப ஒண்ணுமில்லீங்."

"உப்புச்சக்கரைக்கு முந்தியில்லைங்க சொல்லீருக்கோணும்?"

"சொல்லீருக்கோணுங். நீங்க ஊடு பாக்க வந்தன்னிக்கு ஒளிச்சு வெச்சேன். அதுல என்ற புள்ளைக்கு மூணு மாசம் போச்சு, ரெண்டு எலும்பும் போச்சு. இனி ஒளிக்கறதுக்கு என்றகிட்ட ஒண்ணுமில்லீங்."

பெரியம்மா ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது, "ஊட்டுல பேசிப்போட்டுச் சொல்லியுடறோம்" என்றார். இந்த ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் வாசற்படியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார், என்னை. அதில் என்ன இருந்தது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

பிரதீபா அறைக்குள் இருந்தாள். கதவு திறக்கவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

நான்கு நாளாக அவள் என்னோடு பேசவில்லை. அவள் போன் கூடத்து மேசையில் கிடக்கிறது. ஒலிக்கும்போதெல்லாம் மூவரும் பார்க்கிறோம். காங்கேயத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. மாப்பிள்ளையும் கூப்பிடவில்லை.

டிசம்பர் 8, திங்கள்

பத்து மணிக்கு வண்டி வந்தது. பக்கவாட்டில் நீல எழுத்தில் பெயர், தெருமுனையிலிருந்தே படிக்கலாம். எதிர் வீட்டில் இரண்டு பேர் மாடிக்கு ஏறினார்கள்.

நர்ஸ் பெட்டியைத் திறந்து, வெப்பமானியைக் காட்டி, ஊசியை அரை மணி நேரம் மேசைமேல் வைத்தார். காலை இறுக்கம் இன்று பத்தரைக்கும் விடவில்லை, குனிந்து தொடையைப் பார்க்க முடியவில்லை. "வீட்ல வேற யாராச்சும் போட்டுவிடலாம், நான் சொல்லித்தர்றேன்," என்றார். அம்மா முன்னால் வந்தாள். ஊசியைக் கண்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் தொடல சாமி. என்ற கை வேண்டாம்."

அறைக்கதவு திறந்தது. பிரதீபா வந்து நர்ஸின் பக்கத்தில் நின்றாள். எப்படிப் பிடிப்பது, எங்கே குத்துவது, எவ்வளவு நேரம் அழுத்துவது என்று கேட்டுக்கொண்டாள். முகம் வீங்கியிருந்தது. என் எதிரில் முழங்காலிட்டாள்.

"வலிச்சா சொல்லு," என்றாள். நான்கு நாளுக்குப் பிறகு முதல் பேச்சு.

குத்தினாள். பழைய ஊசிகளைவிட இது எரிந்தது.

"வலிக்குது பிரதீபா."

"வலிக்கட்டும்," என்றாள். கண்ணீர் மூக்கு நுனியில் தொங்கியது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. பதினைந்து எண்ணியும் அழுத்திக்கொண்டே இருந்தாள். போதும் என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் எடுத்தாள்.